மருந்து இருக்கிறது, வழிதான் இல்லை: பென்டியூ முகாமில் செவிலியப் பணி

தென் சூடானில் குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக மருந்து கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மலேரியாவுக்கு மாத்திரையும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும், நிமோனியாவுக்கு அமாக்ஸிசிலின், தட்டம்மைக்குத் தடுப்பூசி. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் இருப்பவைதான் எல்லாம். அப்படியிருந்தும் அங்கே பிள்ளைகள் சாகிறார்கள். மருந்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் தண்ணீர் கிடக்கிறது, சேறு கிடக்கிறது, துப்பாக்கி ஏந்தியவர்கள் நிற்கிறார்கள், வீட்டில் தனியே விட்டுவந்த மற்ற பிள்ளைகளின் கவலை நிற்கிறது. நெருக்கடியில் சிக்கிய நாட்டில் மருத்துவப் பணி என்றால், பெரும்பகுதி நேரம் இந்த இடைவெளியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நான் செவிலியர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, ஒரு பன்னாட்டு மருத்துவ உதவி அமைப்பின் வழியாக 2022இல் தென் சூடானுக்குப் போனேன். காலரா பரவிய காலத்திலும் அங்கேதான் இருந்தேன். இப்படிப்பட்ட பணிக்குப் போக விரும்பும் செவிலியர்களும் மருத்துவர்களும் அவ்வப்போது என்னிடம் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று சுதந்திரம் பெற்றது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. யூனிட்டி மாநிலத்தின் தலைநகரான பென்டியூவில் உயிருக்குப் பயந்த மக்கள் ஐ.நா. அமைதிப்படையின் முகாமுக்குள் ஓடி வந்து தஞ்சம் புகுந்தார்கள். 2018இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் அவர்கள் வீடு திரும்ப முடியவில்லை. முகாம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊராகவே ஆகிவிட்டது. 2021இல் வரலாறு காணாத வெள்ளம் வந்தது. வந்த வெள்ளம் வழக்கம்போல வடியவில்லை. வயல், மேய்ச்சல் நிலம், பாதை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்தன. முகாமைச் சுற்றி மண் கரை எழுப்பி, அமைதிப்படையின் பாகிஸ்தான் பொறியாளர் பிரிவினர் இயந்திரங்களை வைத்துக்கொண்டு அதை ஓயாமல் உயர்த்திக் காத்தார்கள். கரைமேல் ஏறி நின்றால் வெளியே நிற்கும் நீர்மட்டம் உள்ளே இருக்கும் குடிசைகளின் தரையைவிட உயரத்தில் தெரியும். ஏரிக்கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருக்கும்.

மாடுகள் செத்தன. அங்கே வாழும் நூயர் இன மக்களுக்கு மாடுதான் செல்வம், சீர், மரியாதை, பால் எல்லாம். சோளம் விதைக்க நிலம் இல்லை. பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கி அல்லிக்கிழங்கைப் பறித்து வந்து, காயவைத்து இடித்து, பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்தார்கள். எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகள் இந்த அடுப்புகளிலிருந்து வந்தவர்கள்.

ஊட்டச்சத்து வார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பணியின் கஷ்டமெல்லாம் அங்கேதான் ஒன்றுகூடும். கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு, நோயும் சேர்ந்து வரும் பிள்ளைக்கு முதல் சில நாட்களுக்கு எஃப்-75 என்ற பால்தான் மருந்து. நூறு மில்லியில் 75 கலோரி. எலும்பும் தோலுமாய் இருக்கும் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்காமல் இத்தனூண்டு கொடுக்கிறீர்களே என்று தாய்மார்கள் வேதனையோடு கேட்பார்கள். ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாம் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கும் உடம்பு அது. ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை, நாளுக்கு எட்டு வேளை. ஐந்து கிலோ பிள்ளை என்றால் வேளைக்கு 80 மில்லி.

பகல் வேளைகள் தானாக நடந்துவிடும். சோதனை நள்ளிரவுக்குப் பிந்தைய மூன்று மணி வேளைதான். கைவசம் சேமிப்பே இல்லாத உடம்பு அந்த நேரத்தில் சர்க்கரை குறைந்து குளிர்ந்துவிடும். விடியற்காலையில் பார்த்தால் பிள்ளை அசைவற்றுக் கிடக்கும். வெயில் கொளுத்தும் நாடாயிற்றே, குளிர் எங்கிருந்து வரும் என்று நினைக்காதீர்கள். கம்பளியும் தலைக்குக் குல்லாவும் அந்த வார்டில் மருந்துக்குச் சமம். இரவுப் பணியில் இருக்கும் உணவு உதவியாளர்கள் இருவர் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் கொதித்து ஆறிய நீரில் பாலைக் கலக்குவார். மற்றவர் கொசுவலையைத் தூக்கித் தாயின் தோளைத் தொட்டு எழுப்புவார். பாட்டில் கிடையாது, கரண்டியும் கிடையாது. கோப்பையை உதட்டில் வைத்து, கீழே ஒரு சாஸரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயோரம் வழிவது சாஸரில் சேரும். அதை மறுபடி கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அட்டையில் எழுத வேண்டும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு 80 மில்லி புகட்ட அரை மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டால் புரையேறும். வார்டுப் பொறுப்பில் இருப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்த மூன்று மணிக்குப் போய் நிற்க வேண்டும். அட்டையில் எட்டு வேளையும் குறிக்கப்பட்டிருப்பதைக் காலையில் வந்து பார்ப்பதும், நேரில் நின்று பார்ப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று, டிரிப். நம் ஊரில் டிரிப் ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்ததாக மனது ஒப்புக்கொள்ளும். அங்கேயும் உறவினர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஊட்டம் குறைந்த பிள்ளைக்குக் கண் குழிந்திருக்கும், தோலைக் கிள்ளினால் மெதுவாகத்தான் திரும்பும். நீரிழப்பே இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நரம்பு வழியே நீரை ஏற்றினால் இதயம் திணறிவிடும். ரத்த ஓட்டம் குறைந்து அதிர்ச்சி நிலைக்குப் போன பிள்ளைக்கு மட்டும்தான் டிரிப், அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டு. மற்றவர்களுக்கு உப்பு குறைத்துத் தயாரித்த கரைசலை வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்த கைக்கு இந்தப் பொறுமை சுலபத்தில் வராது. போவதற்கு முன்பே இதைப் படித்து மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், தாய் தங்கினால்தான் பிள்ளை பிழைக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள் என்பது இப்படிப்பட்ட வார்டுகள் எல்லாவற்றிலும் கேட்கும் புகார். 'விழிப்புணர்வு போதாது' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கால் வீங்கி, அழுத்தினால் குழி விழும் நிலையில் ஒரு பையனைத் தூக்கி வந்த அம்மா நினைவுக்கு வருகிறார். மூன்றாம் நாள் மாலை பாயைச் சுருட்டினார். உணவு உதவியாளர் ஒரு நூயர் பெண், அவரும் அதே முகாமில்தான் குடியிருந்தார். தடுக்காமல், வாதம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னாரின் அம்மா' என்று அழைத்துத்தான் அவர்கள் பேசுவார்கள், நம் கிராமங்களைப் போலவே. கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. குடிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு எட்டு வயதிருக்கும். கணவர் ஊரில் இல்லை. முந்தின இரவு மழையில் குடிசைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில் எந்தத் தாய் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள்? அன்று இரவே அந்த இரண்டு பிள்ளைகளையும் வார்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினார்கள். பையனுக்கு ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து, சிரிக்கத் தொடங்கினான்.

ஆகவே சேர்க்கும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதிவிடுவது எங்கள் வழக்கமாயிற்று. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்களை இப்போது யார் பார்க்கிறார்கள், ரேஷன் எந்த நாள், தங்குவதற்கு யாருடைய சம்மதம் வேண்டும். பதிலைப் பொறுத்து ஏற்பாடு. சின்னப் பிள்ளைகளைக் கூடவே தங்கவிடலாம். துணைக்கு இருப்பவருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு, சோப்பு, பாய், கொசுவலை கொடுக்க வேண்டும். தாய்க்குச் சாப்பாடு போடப் பணம் ஒதுக்காத ஊட்டச்சத்துத் திட்டம் பாதித் திட்டம்தான். ரேஷன் நாளில் பிள்ளையை வார்டில் விட்டுவிட்டுப் போய்வர நேரம் குறித்து அனுமதி கொடுக்கலாம். வீக்கம் வடிந்து, பசிச் சோதனையில் பிள்ளை, சிகிச்சை உணவான வேர்க்கடலைப் பசையை ஆசையாகச் சாப்பிட்டுவிட்டால் பிடித்துவைக்க வேண்டியதில்லை. வாரத்துக்குத் தேவையான பொட்டலங்களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி இருக்கிறது. தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரே கிடைக்காத இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே போனால்தான் தெரியும்.

கை அளக்கும் நாடாவைத் தாய்மார் கையிலேயே கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எண் தெரிய வேண்டியதில்லை, நிறம் தெரிந்தால் போதும். மரத்தடியில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். சுகாதாரப் பணியாளர் மாதம் ஒரு தடவை வந்து அளப்பதைவிடத் தாய் வாரம் ஒரு தடவை அளப்பது மேல். பிள்ளை மஞ்சளில் இருக்கும்போதே கிளினிக்குக்கு வந்து சேரும்.

முகாமுக்கு வெளியே, நீர் சூழ்ந்த மேடுகளில் இருந்தவர்களுக்கு நாங்கள்தான் போக வேண்டியிருந்தது. மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் பயணம். அங்கே நோயாளிகளைத் தார்ப்பாயில் கிடத்தி, தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, பெண்கள் இடுப்பளவு நீரில் இழுத்து வருவார்கள். மருந்துகளை மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய்களில்தான் கட்ட வேண்டும், அட்டைப்பெட்டி ஒரு மணி நேரம் தாங்காது. மலேரியாப் பரிசோதனைக் கருவி, மாத்திரை, மலேரியா ஊசியான ஆர்ட்டிசுனேட், ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், அமாக்ஸிசிலின், கடலைப் பசை, நாடா, காயத்துக்குக் கட்டு, பிரசவப் பை, ஐஸ் பெட்டியில் தடுப்பூசி. இவை போக இடம் இருந்தால்தான் மற்றவை.

மேட்டில் இறங்கியதும் மேஜை போட்டு முதல் ஆளிலிருந்து பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். ஒருவர் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அனுபவமுள்ள இன்னொருவர் வரிசையின் கடைசியிலிருந்து முன்னோக்கி நடந்து வர வேண்டும். மிகத் தொலைவிலிருந்து, மிக மோசமான பிள்ளையைச் சுமந்து வந்தவள்தான் கடைசியாக வந்து சேர்ந்திருப்பாள். பால் குடிக்கிறதா, எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, கூப்பிட்டால் கண் திறக்கிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். அடுத்து, ஊர்ப் பெரியவரிடமும் பெண்களிடமும் தனித்தனியே, இன்று யார் வரவில்லை என்று கேட்க வேண்டும். நடக்க முடியாத கிழவி, கண் தெரியாதவர், நேற்று பிரசவித்தவள் என்று பெண்கள் சொல்லும் பட்டியல் வேறாக இருக்கும். கிளம்புவதற்கு முன் அந்தக் குடிசைகளில் இரண்டு மூன்றையாவது எட்டிப்பார்த்துவிடுவது நல்லது. ரேஷன் கொடுக்கும் நாளில் கிளினிக் வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள், வரவும் முடியாது. அந்தத் தேதியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் போய்விட வேண்டும். ஒரு தடவை ஏமாந்தவர்கள் அடுத்த தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நீரில் நடக்க யோசிப்பார்கள்.

நாங்கள் போகாத நாட்களில் அங்கே இருப்பவர் போமா சுகாதாரப் பணியாளர். போமா என்பது அந்த நாட்டில் நிர்வாகத்தின் கடைசிப் படி, நம் ஊராட்சியைப் போல. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு மூன்றையும் ஊரிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைத் திறமையாகச் செய்கிறார்கள். படம் போட்ட பதிவேடு, வயதுக்கேற்ற நிறத்தில் மாத்திரை அட்டை, மூச்சை எண்ண மணி கோத்த சரம். ஒரு வயதுக்குள் இருந்தால் நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் 40, இந்த எண்ணிக்கையை எட்டினால் நிமோனியா என்று கொண்டு அமாக்ஸிசிலின் கொடுப்பார். ஜூலையிலிருந்து நவம்பர் வரை மலேரியா உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் இவரது பையில் மருந்து தீராமல் பார்த்துக்கொண்டால், மருத்துவமனைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் வரும் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியக் குறைவார்கள். பெரிய மருத்துவமனைக் கட்டடத்துக்கு நன்கொடை சேர்ப்பவர்கள் இந்தப் பைக்கும் கொஞ்சம் சேர்க்கலாம்.

விறகுக்கும் ரேஷனுக்கும் கரையைத் தாண்டிப் போகும் பெண்களுக்கு நேர்வதையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பரில் பென்டியூ அருகே பத்தே நாட்களில் 125 பெண்களும் சிறுமிகளும் பாலியல் வன்முறைக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்ததாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறிவித்தது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கர்ப்பத் தடுப்பு மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். இந்தச் சிகிச்சைக்குத் தனி அறை, தனிப் பலகை என்று வைத்தால் அந்த வாசலில் ஒரு பெண்ணும் கால் வைக்க மாட்டாள். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் வரும் அதே வாசலில், அதே செவிலியரிடம் கிடைக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக, அவளுக்கு உறவில்லாதவராக இருக்க வேண்டும். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாமலே மருந்து கொடுக்க முடியும், கொடுக்க வேண்டும்.

2024 அக்டோபர் இறுதியில் காலரா பரவல் அறிவிக்கப்பட்டது. சூடான் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நுழையும் எல்லை ஊரான ரெங்க்கில் தொடங்கி, எங்கள் பக்கத்தையும் கடுமையாகத் தாக்கியது. 1971இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில், டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, உறவினர்களையே புகட்டச் சொல்லி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை. கடும் நீரிழப்பு என்றால் டிரிப்தான். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லி, அதில் 30 மில்லி முதல் அரை மணி நேரத்திலேயே போக வேண்டும். ஆனால் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கரைசல் போதும், அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால். அதனால் பெரிய சிகிச்சைக் கூடாரம் ஒன்றோடு நின்றுவிடாமல் குடியிருப்புக்குக் குடியிருப்பு ஒரு நிழல், ஒரு குடம், குளோரின் கலந்த நீர், பயிற்சி பெற்ற ஓர் ஆள் என்று கரைசல் நிலையங்களைத் திறந்தோம். இரவிலும் அங்கே ஆள் இருக்க வேண்டும். காலராவுக்கு இரவு பகல் தெரியாது, இருட்டில் முகாமின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வரப் பயப்படுபவர்கள் விடியட்டும் என்று காத்திருந்தே இறந்துபோவார்கள்.

பென்டியூவுக்கு மருத்துவ வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஈ கிருமி, கழிவு கலந்த நீரில் பரவுவது, முகாமில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாக்கினால் நான்கில் ஒரு தாய்வரை பறிகொடுக்க நேரும். இதற்குச் சீனாவில் தயாரான தடுப்பூசி 2011இலேயே அங்கே அனுமதி பெற்றது. 2015இல் உலக சுகாதார நிறுவனமும் பரவல் காலங்களில் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் உலகில் எங்கும், ஒரு பரவலைத் தடுக்க அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2022 மார்ச்சில் தென் சூடான் சுகாதார அமைச்சகமும் எல்லைகளற்ற மருத்துவர்களும் பென்டியூவில்தான் முதன்முதலாகப் போட்டார்கள். 16 முதல் 40 வயது வரை, கர்ப்பிணிகள் உட்பட, மூன்று தவணை. ஏழைகளுக்குத் தேவைப்படும் ஒரு மருந்து கிட்டங்கியில் இத்தனை ஆண்டுகள் தூங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. தடுப்பூசி வந்தது என்பதற்காகக் கழிப்பறையையும் தண்ணீரையும் மறந்துவிட முடியாது. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்பது நெருக்கடிக் காலத்துக்கே வகுத்த குறைந்தபட்ச அளவு. அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் நாம் வார்டில் துடைத்துக்கொண்டேயிருக்க, குழாய் திறந்தே கிடக்கிறது என்று பொருள். தண்ணீர்ப் பிரிவு நடத்தும் கூட்டத்தில் செவிலியரும் போய் உட்கார வேண்டும்.

பிரசவம் பற்றி ஒரே ஒரு ஒப்பீடு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் தென் சூடானில் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 1,223 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் அது 54. ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசினைக் குளிரில்தான் வைக்க வேண்டும், சூரிய மின்சாரக் குளிர்பெட்டி பழுதானால் ஊசி வெறும் தண்ணீர். எனவே வெப்பம் தாங்கும் மிசோபிராஸ்டால் மாத்திரை ஒவ்வொரு பிரசவப் பையிலும் இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் கணவர் வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்பார்கள். வலி வந்த பிறகு ஓடங்களில் ஆளனுப்பித் தேடுவதற்கு நேரம் இருக்காது. யாரிடம் கேட்க வேண்டும், யார் ரத்தம் கொடுப்பார்கள் என்பதை எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

நம் ஊரோடு தொடர்புள்ள இரண்டு செய்திகள். வெள்ளத்தில் மேடு தேடிப் பாம்புகளும் வரும், கடிபட்டு வருபவர்கள் அதிகம். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் நஞ்சிலிருந்து தயாராகும் நம் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய இந்தியப் பாம்புகளுக்கானது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அதை நம்ப முடியாது. இந்தியாவிலிருந்து மலிவாக வாங்கி அனுப்புகிறோம் என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொன்னால் தடுத்துவிடுங்கள், ஆப்பிரிக்க இனங்களுக்கென்று தயாரித்ததையே கேளுங்கள். இன்னொன்று காலா அசார். மணல் ஈ கடித்துப் பரவி, மண்ணீரல் வீங்கி, காய்ச்சலில் உருக்கிக் கொல்லும் நோய். 1984 முதல் பத்தாண்டுகளில் அப்போது மேற்கு மேல்நைல் என்று அழைக்கப்பட்ட இதே பகுதியில், 2,80,000 பேர் வாழ்ந்த இடத்தில், சுமார் ஒரு லட்சம் பேரை இந்த நோய் கொன்றதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதன் கிருமியை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான சார்லஸ் டோனவன் 1903இல் அதைப் பார்த்தது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே கட்டி என்றால் மலேரியா மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல் விரல் ரத்தத்தில் ஆர்.கே.39 பரிசோதனை செய்யுங்கள். ஊசி மருந்து 17 நாள் போட வேண்டியிருக்கும். மறுபடியும் அதே கேள்விதான், அத்தனை நாள் நோயாளி எங்கே தங்குவார், வீட்டில் யார் இருப்பார்கள்.

கூட வேலை பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நாட்டுக்காரர்கள். கிளினிக்கல் ஆபீசர், செவிலியர், மருத்துவச்சி, மொழிபெயர்ப்பாளர், ஓடக்காரர், காவலர். இவர்களும் வீடிழந்தவர்கள், முகாமில் அதே தண்ணீரைக் குடிப்பவர்கள். உலகெங்கும் உதவிப் பணியில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் இவர்களைப் போன்ற உள்ளூர்ப் பணியாளர்கள்தான். நிலைமை மோசமானால் விமானம் ஏறித் தலைநகர் ஜூபாவுக்குப் போய்விடலாம் என்ற வசதி நமக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை. அதனால் நாம் இல்லாத நாளில் வார்டு நடக்க என்ன வேண்டுமோ அதைத்தான் முதல் மாதத்திலிருந்தே செய்ய வேண்டும். மருந்து அலமாரியின் சாவி, ரத்தம் ஏற்ற முடிவெடுக்கும் அதிகாரம், மேலிடத்தோடு பேசும் செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் அவர்கள் கையில் பழகியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் குரல் எந்திரமாக நடத்தாதீர்கள். நோயாளி சொன்னதோடு சொல்லாததையும் அவரிடம் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் 'மாலே' என்று நூயர் மொழியில் கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முகங்கள் மலரும்.

போக விரும்புகிறவர்கள் குழந்தைகள் வார்டிலோ பிரசவ வார்டிலோ இரண்டு ஆண்டாவது முழுப் பொறுப்போடு வேலை பார்த்துவிட்டுப் போங்கள். எக்ஸ்ரே இல்லாமல், ஆய்வகம் இல்லாமல், கண்ணாலும் கையாலும் காதாலும் நோயைக் கணிக்கும் பழக்கம் வேண்டும். நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு வார்டை ஒற்றை ஆளாகச் சமாளித்த செவிலியருக்கு அந்தத் திறமை ஏற்கெனவே பாதி இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். மலேரியாத் தடுப்பு மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். திரும்பி வந்த பிறகு தூக்கம் வராமல் தவிப்பவர்கள் அதை மறைக்காமல் அமைப்பின் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அதற்காகத்தான் அவர் இருக்கிறார்.

2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது ஜோங்லி மாநிலத்தில் பல கிளினிக்குகள் மூடின. காலரா கண்ட ஐந்து குழந்தைகளும் மூன்று பெரியவர்களும், அடுத்த கிளினிக்கைத் தேடி வெயிலில் நடந்து போகும் வழியிலேயே இறந்ததாகச் சேவ் த சில்ட்ரன் அமைப்பு அந்த ஏப்ரலில் தெரிவித்தது. ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் விலை என்ன, அந்த நடையின் தூரம் என்ன என்பதை முடிவெடுக்கும் மேஜைகளில் இருப்பவர்கள் ஒரு முறையாவது சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது தொலைவில் இருக்கும் சின்ன நிலையங்களும் ஓடப் பயணங்களும்தான். அவற்றைக் கடைசிவரை காப்பாற்றுங்கள், தேவையானால் மையத்தில் இருக்கும் கூடாரத்தைச் சிறிதாக்குங்கள். அடுத்த மழைக்காலத்துக்கான மருந்துப் பட்டியலைப் பாதை காய்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியிலேயே, ஓடக்காரரையும் போமா பணியாளரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். எந்த மேட்டுக்கு எந்த மாதம் வழி அடைபடும் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.